பந்தயத்தில் கற்றதை மறக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடமாகப் பாய்மரப் படகுப் பந்தயங்களில் கலந்துகொள்கிறேன். ஆறு பேர் கொண்ட குழுவில் ஜிப் பாயின் (முன்பக்கப் பாய்) கயிறு என் பொறுப்பு. இப்போது நானும் மனைவியும் 34 அடி படகு ஒன்று வாங்கியிருக்கிறோம், நீண்ட பயணம் போக ஆசை. "பந்தயத்தில் கற்றதையெல்லாம் மறந்துவிடு, இது வேறு" என்கிறார் பல வருடம் கடலில் திரிந்த நண்பர். அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே,

மறந்துவிடாதீர்கள். நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாயைக் காற்றுக்குத் தக்கபடி வைப்பது வேகத்துக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாய்கள் சரியாக அமையாத படகு காற்றின் பக்கமே திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்கச் சுக்கானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயத்தில் ஒருவருக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான். பயணத்தில் அந்த வேலையை, சுக்கானைத் தானே இயக்கும் ஆட்டோபைலட் கருவி செய்கிறது, இரவெல்லாம் பேட்டரியைக் காலி செய்கிறது. மெயின் பாயை (பாய்மரத்துக்குப் பின்னால் உள்ள பெரிய பாய்) கொஞ்சம் தளர்த்தி, தேவைப்பட்டால் சுருக்கி, சுக்கான் நடுவுக்கு வரும்படி செய்தால் படகு நிமிர்ந்து ஓடும். உள்ளே தூங்குபவர் நிம்மதியாகத் தூங்குவார். எட்டு வருடம், காற்று எப்படி ஓடுகிறது என்று காட்ட ஜிப் பாயில் ஒட்டிய கம்பளி நூல்களையே பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு இது கண்ணிலேயே பதிந்திருக்கும்.

இன்னொன்று, எதிர்காற்றில் முன்னேறத் தெரிவது. ஒருமுறை காற்று கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் எஞ்சின் நின்றுவிட்டது, பின்னால் பாறைகள், தூரம் அரை மைல்கூட இல்லை. அலையில் வேகத்தை இழக்காமல், ஒவ்வொரு திருப்பத்திலும் பின்வாங்காமல், பதினோரு முறை மாறி மாறித் திரும்பி வெளியே வந்தோம். அன்று சுக்கானைப் பிடித்தவர் பந்தயக்காரர். எஞ்சினை மட்டுமே நம்பிப் பழகியவர்களால் அன்று வெளியே வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, நண்பர் சொல்லும் பக்கம். பந்தயத்தில் பாயின் பரப்பைச் சுருக்கிக் குறைக்க மனசு வராது. ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: காற்று 15 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 20 நாட்டுக்கு ஏறினால் பாயின் மேல் விழும் விசை ஏறக்குறைய 1.8 மடங்கு. பந்தயத்தில் இரண்டு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடுவீர்கள், கிழிந்த பாயைத் தைக்கவும் ஆள் இருக்கும். நடுக்கடலில் இன்னும் நான்கு நாள் அதே பாயை நம்பித்தான் போக வேண்டும். குறைக்கலாமா என்று முதலில் தோன்றும்போதே குறைத்துவிடுங்கள். பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய மிதவைக் குறியை உரசுவதுபோல் திரும்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், பாறைக்கும் ஆழமில்லாத இடத்துக்கும் தாராளமாக இடம் கொடுங்கள்.

இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்து அருகே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 1979-ல் நடந்ததை எல்லாப் பயணக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 303 படகுகள் புறப்பட்டன, புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். 24 படகுகளைக் குழுக்கள் கைவிட்டன, ஆனால் அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமலேயே மிதந்துகொண்டிருந்தன. படகு மிதக்கும்வரை அதைவிட்டு உயிர்காப்புத் தெப்பத்தில் இறங்காதே என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடத்தை அழுத்தமாகப் பதிய வைத்தது இந்தப் பந்தயம்தான்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை வேறு. ஆறு பேரில் ஒருவராக இருந்து பழகியிருக்கிறீர்கள், உங்கள் கையில் ஒரு கயிறு, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இருவர் பயணத்தில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனி ஆள். சுக்கான், நங்கூரம், வானிலை, பாய் குறைப்பது எல்லாம் இருவருக்கும் தெரிய வேண்டும், முக்கியமாக நீங்கள் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பி வந்து உங்களைத் தூக்க மனைவிக்குத் தெரிய வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் கரையோரமாகவே போய், நீங்கள் உள்ளே படுத்துக்கொள்ளுங்கள், அவர் தனியாக மெயின் பாயைக் குறைக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனது, எந்தக் கயிறு சிக்கியது என்று எனக்கு எழுதுங்கள், அதிலிருந்து மேலே பேசலாம்.