பதில்: ஹாம்லெட்மீது எரிச்சல் வருகிறது என்று கட்டுரையில் எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இளவரசன் ஹாம்லெட்டைப் பற்றி, 'தகப்பன் கொலைக்குப் பழிவாங்க வேண்டியவன் ஏன் இப்படி இழுத்தடிக்கிறான்' என்ற உங்கள் கேள்வி, கைடில் இருக்கும் பத்து வரிகளைவிட மேலானது. ஆனால் எரிச்சல் எந்த இடத்தில் வந்தது என்று காட்டுங்கள்.

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியைப் பாருங்கள். ஹாம்லெட்டின் தகப்பனைக் கொன்று அரசனான சித்தப்பன் கிளாடியஸ் தனியாக மண்டியிட்டு ஜெபிக்கிறான். ஹாம்லெட் வாளை உருவிவிட்டுத் திரும்ப உறையில் போடுகிறான். ஜெபத்தின்போது செத்தால் பாவி சொர்க்கத்துக்குப் போய்விடுவானாம்! ஹாம்லெட் நகர்ந்த பிறகுதான், தன் ஜெபம் மேலே ஏறவில்லை என்று கிளாடியஸ் ஒப்புக்கொள்கிறான். அடுத்த காட்சியிலேயே, திரைக்குப் பின்னால் நிற்பது யாரென்றுகூடப் பார்க்காமல் அரசவை ஆலோசகர் பொலோனியஸைக் குத்திவிடுகிறான் ஹாம்லெட். இவனா சோம்பேறி?

கடலூர்ப் பக்கம் என்கிறீர்கள்; திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம், அதாவது பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் சடங்கு, பார்த்திருப்பீர்கள். பாஞ்சாலியின் சபதத்தில் அங்கே யாருக்கும் ஐயமில்லை, அவள் கூந்தலை முடியும்வரை ஊரே காத்திருக்கும். ஹாம்லெட்டுக்கோ, பழிவாங்கச் சொல்லி வந்த ஆவி தகப்பனா சாத்தானா என்பதே குழப்பம். சித்தப்பனைச் சோதிக்க நாடகத்துக்குள் ஒரு நாடகம் போடுவதும் அதனால்தான். இதை ஒட்டியே ஒரு பக்கம் எழுதலாம்.

ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவுக்காக நீங்கள் பட்ட கோபம் முழுக்க நியாயம். அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள்.