பெட்டியோடு கோட்டைக்குள் போவது எப்படி? டுப்ரோவ்னிக் கேள்வி பதில்

குரோவேஷியாவில் டுப்ரோவ்னிக்கின் கோட்டை மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தில், அறைகளை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் இரண்டு கோடைக்காலம் வேலை பார்த்தேன். வேலையின் பெயர் வரவேற்பு. உண்மையில் பாதி நாள் பெட்டி தூக்கினேன். அந்த ஊருக்குப் போகிறவர்கள் விமானம், விசா, ஹோட்டல் எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார்கள். கோட்டை வாசலிலிருந்து அறைக் கதவு வரைக்கும் உள்ள கடைசி 300 மீட்டரை மட்டும் விட்டுவிடுவார்கள். அங்கேதான் மூச்சு வாங்கும். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து பழைய நகரம் போக பஸ் போதுமா, டாக்ஸி வேண்டுமா? இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டிகள். (கோவையிலிருந்து ஒரு அம்மா)

விமான நிலையம் சிலிப்பியில் இருக்கிறது, நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். விமானங்கள் இறங்கும் நேரத்தை ஒட்டி ஷட்டில் பஸ் கிளம்பும். பெட்டியைக் கீழே வயிற்றில் போட்டுவிடுவார்கள், அரை மணி நேரம் சொச்சத்தில் கொண்டுவந்து விடும். இடது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கடைசி வளைவுகளில் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் மதிலும் மொத்தமாகக் கண்ணில் படும்போது பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்.

டிக்கெட் வாங்கும்போதே, “பழைய நகரத்துக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், திரும்பும்போது எங்கே ஏற வேண்டும்” என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்று இல்லை. நாலு பேர், மூன்று பெட்டி என்றால் நான் டாக்ஸிதான் சொல்வேன். ஊபர், போல்ட் இரண்டும் அங்கே ஓடுகின்றன. ஆனால் எந்த வண்டியும் கோட்டைக்குள் வராது. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். எந்த வாசல் என்பதுதான் கேள்வி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணா, அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு முழங்கால் வலி. மேப்பில் பார்த்தால் பீலே வாசலிலிருந்து அறைக்கு நடை 4 நிமிடம். வீட்டுக்காரர் “கொஞ்சம் படி இருக்கும்” என்கிறார். நம்பலாமா? (பெங்களூரிலிருந்து ஒரு மகள்)

அந்தக் “கொஞ்சம்” என்ற சொல்லை நம்பாதீர்கள்.

ஊரின் அமைப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். நடுவில் ஸ்ட்ராடுன் என்ற அகலமான தெரு, கிட்டத்தட்ட 300 மீட்டர், மேற்கிலிருந்து கிழக்கே சமதளமாக ஓடுகிறது. ஒரு காலத்தில் அது கடல்நீர் புகுந்த சதுப்பு. அதைத் தூர்த்துத்தான் இரண்டு பக்கத்துக் குடியிருப்பையும் ஒன்றாக்கினார்கள். அதனால் நகரம் ஒரு ஓடம் மாதிரி, நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் ஏற்றம்.

வடக்குப் பக்கம்தான் செங்குத்து. ஸ்ட்ராடுனிலிருந்து குறுகிய சந்துகள் வரிசையாகப் படிகளில் ஏறும். முதலில் ப்ரியெகோ என்ற குறுக்குத் தெரு வரும், உணவகங்கள் நிறைந்தது. அதுவரை சமாளிக்கலாம். அதற்கு மேல் மதிலை ஒட்டிய பெலினே தெரு வரை ஏறினால், ஸ்ட்ராடுனிலிருந்து மொத்தம் நூறு படிக்கு மேல் வந்துவிடும். மேப் இதை எல்லாம் தட்டையாக்கி “4 நிமிடம்” என்று காட்டும்.

தெற்குப் பக்கம் ஸ்ட்ராடுனுக்கு இணையாக ஓட் பூச்சா என்று ஒரு கடைத்தெரு ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வீடுகள் ஏறக்குறைய சமதளத்தில் இருக்கின்றன. பெற்றோரோடு போகிறவர்கள் இந்தப் பகுதியில்தான் அறை தேட வேண்டும்.

அப்புறம் வீட்டுக்குள்ளே இருக்கும் படி. பழைய கல் வீடுகள் மூன்று, நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. மாடிப்படி ஏணி மாதிரி நிற்கும். தீக்குப் பயந்து அந்தக் காலத்தில் சமையலறையையே உச்சி மாடியில் வைத்த ஊர் அது. அதனால் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வாசல் பக்கம்? அந்த வாசலிலிருந்து கதவு வரை எத்தனை படி, ஏற்றமா இறக்கமா? கதவுக்குள் நுழைந்த பிறகு எத்தனை படி? எண்ணிக்கையாகக் கேட்டால் எண்ணிக்கையாகப் பதில் வரும். “ப்ரிசெம்ல்யே” என்று சொன்னால் தரைத்தளம், உங்கள் அம்மாவுக்கு அதுதான்.

ஏற்றமா இறக்கமா என்று ஏன் கேட்க வேண்டும்? போகும்போது ஏறினால் வரும்போது இறங்கப் போகிறோம். (மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர்)

நல்ல கேள்வி. மூன்று வாசல்கள் இருக்கின்றன. மேற்கில் பீலே, கிழக்கில் ப்ளோச்சே, வடக்கில் மேட்டின் மேல் பூஷா. எல்லோரும் பீலேயில் இறங்கி, தூக்குப்பாலம் தாண்டி, ஸ்ட்ராடுனில் பெட்டியை உருட்டிக்கொண்டு போய், பிறகு வடக்குச் சந்தில் மேலே தூக்குவார்கள். அறை பெலினே பக்கம் என்றால் இது வீண் வேலை. டாக்ஸியில் மதிலுக்கு வெளியே சுற்றிக்கொண்டு பூஷா வாசலில் இறங்கினால், உள்ளே நுழைந்ததும் நீங்கள் ஏற்கெனவே உச்சியில் நிற்கிறீர்கள். கொஞ்சம் இறங்கினால் அறை.

பூஷா என்றால் “ஓட்டை” என்று பொருள். ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில் மதிலில் திறந்த வாசல், மற்ற இரண்டைவிட மிகவும் பின்னால் வந்தது. நம் ஆட்கள் காதுக்கு “பூஜா” என்றுதான் விழும். ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் தெற்கே கடல்பாறை மேல் மது விடுதியும் இருக்கிறது. ஊரின் நேர் எதிர்ப்பக்கம். என் முதல் மாதத்தில் ஒரு தம்பதியிடம் “பூஷாவுக்கு வாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவர்கள் மேப் காட்டிய வழியில் நான்கு பெட்டிகளோடு அந்தப் பாறை விடுதிக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. நான்கு பெட்டியையும் நானே சுமந்தேன், அதுதான் நியாயம்.

சக்கரப் பெட்டியை உருட்டினால் அபராதமாமே?

2023-இல் உலகம் முழுக்க ஓடிய செய்தி அது. அப்படித் தடை எதுவும் இல்லை என்று நகராட்சியே விளக்கம் சொன்னது. கல் தளத்தில் சக்கரம் போடும் சத்தம் குடியிருப்பவர்களைத் தூங்கவிடாது, தூக்கிக்கொண்டு போங்கள் என்ற வேண்டுகோள்தான் அப்படிப் பரவியது. ஆனால் வேண்டுகோளில் நியாயம் இருக்கிறது. இரவு 12 மணிக்கு அந்தச் சந்துகளில் ஒரு பெட்டி உருண்டால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து முழங்கும். எப்படியும் படிகளில் சக்கரம் உதவாது. பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு, அல்லது முதுகுப்பை கொண்டுபோங்கள்.

ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா. பிரச்சினை வருமா? (துபாயிலிருந்து, இந்திய பாஸ்போர்ட்)

வரலாம், கவனம். குரோவேஷியக் கடற்கரை டுப்ரோவ்னிக்குக்கு முன்னால் ஒரு இடத்தில் அறுந்துபோகிறது. நடுவில் நேயும் என்ற ஊரோடு ஒரு சின்னத் துண்டு போஸ்னியாவுக்குச் சொந்தம். 2022 ஜூலையில் பெலேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவுக்குள் போகாமலே வந்துவிடலாம். ஆனால் எல்லா பஸ்ஸும் பாலத்தில் வரும் என்று நினைக்காதீர்கள், நேயும் வழியாகப் போகும் பஸ்களும் உண்டு.

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இருக்கிறது. போஸ்னியாவுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசா அங்கேயே முடிந்தது, திரும்ப உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் வாங்குமுன் “பாலம் வழியா, நேயும் வழியா” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடையில் ஸ்ப்ளிட்டிலிருந்து விரைவுப் படகு உண்டு, இந்தத் தலைவலியே இல்லை. இதே காரணத்துக்காக மோஸ்தர் (போஸ்னியா), கோட்டோர் (மாண்டினீக்ரோ) என்று எல்லை தாண்டும் ஒருநாள் சுற்றுலா விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். அவர்கள் உங்கள் விசாவைப் பார்த்து விற்பதில்லை.

இத்தாலியின் பாரியிலிருந்து கப்பலில் வந்தால்?

கோடையில் அந்தக் கப்பல் ஓடும். இறங்குவது க்ரூஷ் துறைமுகம், பழைய நகரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். வெளியூர் பஸ் நிலையமும் அதே பக்கம்தான். 1ஏ, 1பி எண் நகரப் பேருந்துகள் பீலே வரை வரும். டிக்கெட்டைக் கடையில் வாங்கினால் ஓட்டுநரிடம் வாங்குவதைவிடக் குறைவு, ஏறியதும் இயந்திரத்தில் குத்த மறக்காதீர்கள்.

வாடகைக் கார் எடுக்கலாமா?

பழைய நகரத்தில் தங்கும் நாட்களுக்கு வேண்டாம். மதிலுக்கு வெளியே நிறுத்தினால் மணிக்கணக்கில் காசு கரையும். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் இலியினா க்ளாவிட்சா என்ற பொது நிறுத்துமிடம் பீலேக்கு மேலே இருக்கிறது. போகும்போது இறக்கம். திரும்பி வரும்போது உங்களுக்கே தெரியும்.

இரவு 11 மணிக்குத்தான் வந்து சேர்வோம். சாவி, கதவு எல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பயமாக இருக்கிறது. (சென்னையிலிருந்து, தனியாகப் போகும் பெண்)

ஊர் பத்திரமானது, கோடையில் 11 மணி என்பது அங்கே சாயங்காலம் மாதிரி. கஷ்டம் கதவைக் கண்டுபிடிப்பதில்தான். 1667 ஏப்ரலில் பெரும் நிலநடுக்கம் வந்து ஊர் இடிந்தது. அதன்பின் ஸ்ட்ராடுன் வீடுகளை ஒரே உயரம், ஒரே கல், ஒரே மாதிரி முகப்பு என்று கட்டினார்கள். கடைகளில் வாசலும் ஜன்னலும் சேர்ந்து ஒரே வளைவுக்குள் இருக்கும். அழகுதான், ஆனால் அடையாளம் சொல்ல ஒன்றுகூடக் கிடைக்காது. “பச்சைக் கதவுக்கு எதிர்ச் சந்து” என்றால் எல்லாக் கதவும் பச்சையாகத் தெரியும். உயரமான சுவர்களுக்கு நடுவில் போன் காட்டும் நீலப் புள்ளியும் அடுத்த சந்துக்குத் தாவிவிடும்.

அதனால் சந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள். ஸ்ட்ராடுனில் ஒவ்வொரு சந்து முனையிலும் சுவரில் பெயர் இருக்கும். பீலேயிலிருந்து எத்தனையாவது சந்து என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், எண்ணிக்கொண்டே போகலாம். கதவின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், சாவிப் பெட்டி இருந்தால் அதன் படத்தையும். நேரில் வந்து அழைத்துப் போகிறேன் என்றால் இன்னும் நல்லது. பீலேக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒனோஃப்ரியோவின் பெரிய நீரூற்று, 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய உருண்டைக் கட்டடம். அதைத் தவறவிட முடியாது, அங்கே நிற்கச் சொல்லுங்கள். காத்திருக்கும்போது பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், குடிக்கிற தண்ணீர்தான்.

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொள்வார்கள். வந்த விருந்தினரைப் பதிவு செய்வது அங்கே சட்டம், கலங்க வேண்டாம்.

காலை 9 மணிக்கே வந்துவிடுவோம், அறை 3 மணிக்குத்தான்.

பஸ் நிலையத்தில் “கர்தெரோபா” என்று பலகை இருக்கும், பெட்டி வைக்கும் இடம். ஆனால் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் படிக்கு அடியில் பத்துப் பெட்டி அடுக்கியிருப்போம். கேட்காதவர்கள் பெட்டியோடு மதில் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார்கள். கேட்டவர்கள் கைவீசிப் போவார்கள்.

மழை பெய்தால்?

செருப்பு வேண்டாம். ஸ்ட்ராடுன் சுண்ணாம்புக்கல், காலம் காலமாகக் கால் பட்டுக் கண்ணாடியாகிவிட்டது. நனைந்தால் வழுக்கும். குளிர்காலத்தில் பூரா என்ற வடகிழக்குக் காற்று அடித்தால் விமானமே வேறு ஊரில் இறங்குவதும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு? கோட்டைக்கு வெளியே லாபாட் பக்கம் நல்ல ஹோட்டலில் தங்கி பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனால் ஆகாதா? (திருச்சியிலிருந்து ஒருவர்)

தாராளமாக ஆகும். முழங்கால் வலி, கைக்குழந்தை, நான்கு நாளுக்கு மேல் தங்கல் என்றால் நான் லாபாட்தான் சொல்வேன். கடற்கரை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, விலையும் குறைவு. கோட்டைக்குள் தங்குவது ஒரே ஒரு காரணத்துக்காக: பகலில் கப்பல் கூட்டம் தோள் இடிக்கும் தெருவில், காலை 6 மணிக்கு நீங்களும் பூனைகளும் மட்டும் இருப்பீர்கள். சின்ன மின்வண்டிகளில் கடைகளுக்குச் சரக்கு வரும், குண்டூலிச் சதுக்கத்தில் கிழவிகள் அத்திப்பழமும் கீரையும் பரப்புவார்கள். இரண்டு இரவு போதும். இரண்டு இரவுக்கு எத்தனை படி ஏறலாம் என்பது உங்கள் கணக்கு.

திரும்பும்போது விடிகாலை 6 மணி விமானம். பெட்டியோடு எப்படி வெளியே வருவது?

அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப வேண்டாம், முதல் நாளே டாக்ஸி சொல்லிவையுங்கள். விடிகாலையில் ஸ்ட்ராடுனைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார்கள், நான் சொன்ன கண்ணாடித் தரை அப்போதும் அப்படித்தான். அறை தெற்குப் பக்கம் என்றால் பீலேயோ ப்ளோச்சேயோ எது அருகோ அது. பெலினே பக்கம் என்றால் கீழே இறங்கவே இறங்காதீர்கள். மேலே பூஷா வாசலுக்கு ஏறி, வெளியே இருக்கும் சாலைக்கு வண்டியை வரச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் “பூஷா” என்று மட்டும் சொல்லாமல் “பூஷா வாசல்” என்று சொல்லுங்கள்.

சாவியை எங்கே வைப்பது என்று முந்தைய இரவே கேட்டுவிடுங்கள். 4 மணிக்கு வீட்டுக்காரரை எழுப்பினால் நல்லா இருக்காது.