நவீன அரமேய மொழிகளுக்குத் தனி விக்கிப்பீடியா தேவையா? ஏற்கெனவே அரமேய விக்கிப்பீடியா ஒன்று இருக்கிறதே?

தேவை. என்னைக் கேட்டால் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். அரமேயம் மத்திய கிழக்கின் மிகப் பழைய மொழி, அதன் வழிவந்த பேச்சுமொழிகள் இன்றும் இருக்கின்றன. நான் மொழியியல் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து ஸ்வீடனில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவன். "உனக்கென்ன தெரியும்" என்று கேட்பவர்கள் முழுக்க வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் வேலை செய்யும் சோடர்தால்யே நகரில் துருக்கியின் தூர் அப்தீன் மலைப்பகுதியிலிருந்து வந்த சிரியாக் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். வீட்டில் துரோயோ கதைப்பார்கள். அதுவும் நவீன அரமேயம்தான். என்னோடு இரவு வேலை செய்யும் அக்கா ஒருவரும் அந்த ஊர்தான். ஒருநாள் அந்த அரமேய விக்கிப்பீடியாவைக் கைபேசியில் திறந்து, சந்தோஷப்படுவார் என்று நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். சிறுவயதில் கோயிலில் பழகிய எழுத்து. இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. "இது மல்ஃபோனோமாருக்கும் சுவாமிமாருக்கும்" என்று திருப்பித் தந்துவிட்டார். மல்ஃபோனோ என்றால் வாத்தியார்.

விஷயம் இதுதான். அந்தத் தளத்தின் நடை பெரும்பாலும் பழைய சிரியாக்கைத் தழுவியது, அதாவது அரமேயத்தின் பழைய வடிவமான வழிபாட்டு மொழி. அதற்குக் கொடுத்திருக்கும் மொழிக் குறியீடுகூட கி.மு. 700 முதல் 300 வரையான பேரரசு அரமேயத்துக்கு உரியது. பழைய மொழியில் புத்தகம் 'க்தோபோ'. அக்கா சொல்வது 'உ க்தோவோ'. முன்னால் வரும் அந்த 'உ' பழைய மொழியில் இல்லவே இல்லை. இறந்தகால வினையோ அடியோடு மாறிவிட்டது.

"நாமும் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. ஒரே தமிழ் விக்கிப்பீடியா போதவில்லையா?" என்று ஒருவர் வருவார், தெரியும். ஐயா, எனக்கு எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருடம் சொல்லித் தந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் துருக்கி மொழியில். சிரியாக் படிப்பதென்றால் கோயிலும் மடமும்தான். 397இல் தொடங்கிய மோர் கப்ரியேல் மடம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மடத்தில் போய்ப் படிக்க முடியுமா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். என் மகளின் தாய்மொழி வகுப்பும் துரோயோ பிள்ளைகளின் வகுப்பும் ஒரே பள்ளியில், வாரம் ஒருமுறை, பாடமெல்லாம் முடிந்தபிறகு நடந்தன. டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் 'ழ' எழுதிய பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. சரி, அதை விடுவோம்.

கிழக்கே ஈராக், ஈரான் பக்கம் பேசும் சூரெத்தும் நவீன அரமேயம்தான், ஆனால் துரோயோவிலிருந்து வேறான மொழி. வணக்கம் சொல்ல அங்கே 'ஷ்லாமா' என்பதைத் துரோயோவில் 'ஷ்லோமோ' என்பார்கள், ஆனால் வேறுபாடு உச்சரிப்போடு நிற்கவில்லை. சூரெத்தை எழுத்தில்லாத பேச்சுவழக்கு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஈரானின் உர்மியாவில் 1849இலேயே அந்த மொழியில் பத்திரிகை வந்தது. 'ஸஹ்ரீரே த-பஹ்ரா' என்று பெயர், ஒளிக்கதிர்கள் என்று பொருள். 1918 வரை வெளிவந்தது. ஆகவே சூரெத்துக்கு ஒன்று, துரோயோவுக்கு ஒன்று. இனத்தைப் பிரிக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். மொழியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சிரியாவின் மாலூலா, பக்கா, ஜுப்பஅதீன் என்ற மூன்று ஊர்களின் மேற்கு அரமேயத்துக்கு இப்போது கலைக்களஞ்சியம் வேண்டாம் என்பேன். முதலில் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யட்டும். மாலூலாவில் 2006இல் தொடங்கிய மொழி நிறுவனத்தை 2010இல் நிறுத்தி வைத்தார்கள். பாடத்தில் பயன்படுத்திய சதுர எழுத்து இஸ்ரேலின் எபிரேயம் போலத் தெரிகிறது என்ற சந்தேகம்தான் காரணம். எழுத்தே இப்படிச் சிக்கலானால் கட்டுரை எப்படி வரும்?

அப்புறம், தயவுசெய்து "இயேசு பேசிய மொழி, ஆகவே காப்பாற்றுவோம்" என்று புது விக்கிப்பீடியா கேட்கும் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். இயேசு அரமேயத்தில் சொன்ன 'தலீத்தாகூமி' நம் வேதாகமத்திலும் இருக்கிறது, எனக்கும் அது பிரியம்தான். ஆனால் அக்காவின் பாட்டி 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் சிரியாக் கிறிஸ்தவர்களைக் கொன்ற சைஃபோ படுகொலையில் தப்பியவர். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது துரோயோவில். அது அதே மொழியில் எழுதப்பட வேண்டும். இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

நீங்கள் விக்கியில் எழுதுபவர் போலத் தெரிகிறது. எழுத ஆட்களைப் பிடியுங்கள், அதுதான் கஷ்டம். போன மாதம் குத்லே பற்றி ஐந்து வரி எழுதித் தரும்படி அக்காவைக் கேட்டேன். நொறுக்கிய கோதுமை மாவுக்குள் இறைச்சி வைத்து அவிக்கும் உருண்டை அது. ஜெர்மனியில் இருக்கும் தங்கைக்குச் செய்தி அனுப்புவது போல ஸ்வீடிஷ் எழுத்திலேயே தட்டினார். ஒரு சொல்லை மூன்று விதமாக எழுதி எழுதி அழித்தார். எது சரியென்று மகளுக்கு அழைத்துக் கேட்டார். விடிவதற்குள் ஐந்து வரியும் என் கைபேசிக்கு வந்துவிட்டது.