ஒரே ஊர்க்காரர்கள், இரண்டு பாஸ்: சிங்கப்பூர் கேள்வி - பதில்

என் மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறான். கொழுந்தனார் மகன் அங்கேயே ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பேருமே பிழைக்கப் போனவர்கள்தான். ஒருவனுக்கு மரியாதை, இன்னொருவனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்களாம். ஏன் இப்படி?
- வாசகி, புதுக்கோட்டை

மனிதர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் பாஸை, அதாவது வேலை அனுமதியைப் பாருங்கள். கொழுந்தனார் மகனிடம் இருப்பது பெரும்பாலும் ஈ-பாஸாக (எம்ப்ளாய்மென்ட் பாஸ், படித்த நிபுணர்களுக்கானது) இருக்கும். 2025 முதல் அதற்குக் குறைந்தது மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். 6,000 வெள்ளி ஆகிவிட்டால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். உங்கள் மகனுடையது உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான ஒர்க் பெர்மிட். எத்தனை வருஷம் உழைத்தாலும் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அங்குள்ள பெண்ணைக் கல்யாணம் செய்யவும் மனிதவள அமைச்சின் அனுமதி தேவை. மலேசியர் அல்லாத கட்டுமானத் தொழிலாளி வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் வாடகைக்கு இருக்கக் கூடாது, ஆகவே டார்மிட்டரி, அதாவது தொழிலாளர் விடுதி. காரில் பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டிய ஊரில், இவர்களைச் சரக்கு லாரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லச் சட்டமே இடம் கொடுக்கிறது. தினமும் இதைப் பார்க்கிற கண் எப்படிப் பழகும்?

முதலாளிக்கும் கணக்கு இருக்கிறது. தலைக்கு 5,000 வெள்ளி அரசுக்குப் பிணை கட்டுகிறார். அதற்கு மேல் வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அரசுக்கு மாதாமாதம் லெவி என்ற தீர்வை: கட்டுமானத்தில் ஸ்கில் கூடியவருக்கு 500, குறைந்தவருக்கு 900. ஆள் ஓடிவிட்டால் பிணை போய்விடுமோ என்ற பயம்தான் பல இடங்களில் கெடுபிடியாக மாறுகிறது.

நிறம் இதற்குள் நுழையும் வழி பலருக்குத் தெரியாது. ஒர்க் பெர்மிட்டில் எந்த நாட்டவருக்கு எந்தத் துறை என்பது விதியிலேயே இருக்கிறது. கடை, ஓட்டல் வேலைக்கு மலேசியரையும் சீனநாட்டவரையும் எடுக்கலாம். இந்தியருக்குப் பெரும்பாலும் கட்டுமானமும் கப்பல் பட்டறையும்தான். சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கு 2023-ல்தான் கதவு திறந்தது. ஆகவே சேறு படிந்த பூட்ஸோடு தெருவில் தென்படுகிறவர் பெரும்பாலும் நம்மவரோ வங்காளதேசத்தவரோ. பார்க்கிறவருக்கு அது ‘இவர்கள் இனமே இப்படி’ என்று பதிந்துவிடுகிறது. 2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் தொழிலாளர் விடுதி வரக்கூடாது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனு கொடுத்தார்கள். விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர்கள் குடியிருப்பு வழியாக நடக்காதபடி தனிச்சாலை போடப்பட்டது.

ஈ-பாஸில் கை நிறையச் சம்பளம் வாங்கினாலும் இந்தியர் என்றால் வீடு தர மாட்டார்களாமே?
- வாசகர், சென்னை

உண்மைதான். ‘இந்தியர், சீனநாட்டவர் வேண்டாம்’ என்று வாடகை விளம்பரத்திலேயே பச்சையாகப் போட்டிருக்கிறார்கள். சமையல் வாடையைக் காரணம் சொல்வார்கள். சம்பளம் ஏறினால் வெறுப்பு போவதில்லை, குற்றச்சாட்டுதான் மாறுகிறது. பெர்மிட்காரர் மேல் ‘அசுத்தம், குடி, சண்டை’. ஈ-பாஸ்காரர் மேல் ‘எங்கள் வேலையைப் பறிக்கிறார்’. 2005-ல் இந்தியாவுடன் போட்ட பொருளாதார ஒப்பந்தம்தான் காரணம் என்ற வாதம் 2021 செப்டம்பரில் நாடாளுமன்றம்வரை போனது. அதே பாஸில் இருக்கும் வெள்ளைக்காரரிடம் யாரும் இவ்வளவு உரக்கக் கேட்பதில்லை. சொல்லக் கசப்புதான்: ஈ-பாஸ் தமிழரில் சிலரும் ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்கள் கூடும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போவதைத் தவிர்க்கிறார்கள்.

லிட்டில் இந்தியாவில் நம் ஆட்களுக்கு மட்டும் மதுத்தடையா?
- வாசகர், மன்னார்குடி

இல்லை. 2015 சட்டப்படி நாடு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங் வட்டாரத்திலும் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்க முழுத் தடை. 8 டிசம்பர் 2013-ல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தின் தொடர்ச்சி இது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. தொழிலாளர்கள் கூடும் இடமும் கிழமையும் மட்டும் இருக்கின்றன.

தம்பி ஒர்க் பெர்மிட்டில் கிளம்புகிறான். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, பட்டுக்கோட்டை

ஐ.பி.ஏ. கடிதத்தை (வேலைக்கு மனிதவள அமைச்சு தரும் முன்னனுமதி) தமிழிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அது கையில் இருக்க வேண்டும். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். ‘ஓ.டி.யோடு இவ்வளவு’ என்று ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது. எழுத்தில் சம்மதிக்காமல் அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஆகவே அங்கே போனதும் நீட்டுகிற வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம்.

சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 2 மாதம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுக்கு வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இந்திய அரசின் இ.சி.ஆர். பட்டியலில் (குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகள்) சிங்கப்பூர் இல்லாததால் புறப்படும்போது அரசு அனுமதிச் சோதனை கிடையாது. அந்த இடைவெளியில்தான் லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். கடனோடு போனவன் சம்பளம் வராவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டான். லெவியையோ இன்ஷூரன்ஸையோ தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. வேலை கொடுத்ததற்கு, பெர்மிட்டைப் புதுப்பித்ததற்கு என்று முதலாளி பணம் கேட்டால் அது குற்றம். சம்பளப் பாக்கிப் புகாரை வேலையை விட்ட 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பேஸ்லிப்பையும், வேலை செய்த நேரத்தைத் தினமும் குறித்த நோட்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.