கலயத்துக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வேலை

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஐயாவுக்கு,

மகள் பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "அதற்கெல்லாம் வேலை ஏது, கோடிங் வகுப்பில் சேர்த்துவிடு" என்று சொந்தக்காரர்கள் நச்சரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோடிங் படிக்கட்டும். படித்ததைக் கைகழுவ வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ஒரு வேலை இருக்கிறது: மருந்து ஆலையின் உற்பத்தித் தரவைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, படித்துச் சொல்வது.

உங்கள் தோப்பில் கள் இறக்குபவரைக் கேளுங்கள். அதே மரம், அதே கலயம். நேற்று இனிப்பு, இன்று புளிப்பு. கலயத்தைச் சரியாகக் கழுவவில்லை, வெயில் ஏறிவிட்டது என்று காரணத்தையும் அவரே சொல்வார். மருந்து ஆலையில் அப்படிச் சட்டென்று சொல்ல முடிவதில்லை. பயோரியாக்டர் என்ற வளர்ப்புத் தொட்டியில், மருந்தைச் சுரக்கும் பாலூட்டிச் செல்களை வளர்க்கும் ஒரு பேட்ச், அதாவது ஒரு தடவை உற்பத்தி, முடிய ஏறக்குறைய 2 வாரம் ஆகும். வெப்பநிலை, பிஹெச் (புளிப்பின் அளவு), கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் சென்சார்கள் சில நொடிக்கு ஒருமுறை பதிந்துகொண்டே இருக்கும். செல்களின் உணவான குளுக்கோஸ், அவை வெளிவிடும் கழிவான லாக்டேட், செல் எண்ணிக்கை எல்லாம் தினமும் மாதிரி எடுத்துப் பார்ப்பவை. அவை யாரோ ஒருவருடைய எக்செல் கோப்பில் கிடக்கும். எந்தத் தொகுப்பில் வந்த ஊட்டப்பொருள் எந்த பேட்ச்சுக்குப் போனது என்பதோ காகிதப் பதிவேட்டில். விளைச்சல் குறைந்தால், இவற்றைத் தேடிக் கோப்பதற்குள் அடுத்த பேட்ச் பாதி ஓடியிருக்கும்.

இங்கேதான் தரவு மேலாண்மை மென்பொருள் உதவுகிறது. அது, செல்லை விதைத்த நேரத்தைப் பூஜ்யமாக வைத்து எல்லாவற்றையும் ஒரே காலக்கோட்டில் அடுக்குகிறது. நன்றாக விளைந்த பழைய பேட்ச்களோடு ஒப்பிட்டால், குறையத் தொடங்கியிருக்க வேண்டிய லாக்டேட் இன்னும் ஏறிக்கொண்டிருப்பது அன்றே தெரிந்துவிடும். எந்த எண்ணை யார், எப்போது மாற்றினார் என்ற தடமும் அழியாது. மின்னணுப் பதிவுகளுக்கு அப்படியொரு தடம் வேண்டும் என்பது அமெரிக்காவில் 1997 முதல் விதி. அங்கே மருந்து அனுப்பும் நம் ஆலைகளுக்கும் அது பொருந்தும்.

ஆக்சிஜன் கோடு திடீரென்று சரிந்தால், செல்கள் பெருகிவிட்டனவா, சென்சார் கெட்டுவிட்டதா? கோடிங் மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. உங்கள் மகளுக்குத் தோன்றும். அவளுடைய முதலீடு அதுதான்.

கோடிங்கில் பைதான் மொழி, தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுக்கும் எஸ்க்யூஎல் இரண்டும் போதும்; புள்ளியியலைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும், மாணவர்கள் தப்பித்து ஓடுவதும் அதனிடமிருந்துதான். கல்லூரி ஃபெர்மென்டரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கலம்) தான் ஓட்டிய சோதனையின் தரவைத் தானே சீர்செய்து, வரைபடமாக்கி வைத்திருக்கட்டும். நேர்காணலில் நான்கு சான்றிதழ்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். மேற்படிப்பு என்றால் கேட் (GATE) நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் இருக்கிறது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஐடி அளவுக்கு இதில் இடங்கள் இல்லை. இருப்பவையும் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத் பக்கம். தொடக்கத்தில் உற்பத்திக் கூடத்தில் ஷிப்ட் வேலை, இரவிலும் நிற்க வேண்டிவரும். வெளியூர் அனுப்பத் தயக்கம் இருந்தால், கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மகளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.