உள்விசாரணைக்குச் சங்க நிர்வாகியை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். மேற்பார்வையாளரைத் தகாத வார்த்தையால் பேசியதாகவும், இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தியதாகவும் சார்ஜ் மெமோ கொடுத்து சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அதற்கு முன்பே எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, விஷயத்தை முடித்துவிடலாம்" என்றார்கள். நான் எழுதவில்லை. அடுத்த வாரம் உள்விசாரணை. சங்கச் செயலாளரை உடன் அழைத்துவர அனுமதி கேட்டால், "உங்கள் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை, தனியாகத்தான் வர வேண்டும்" என்கிறார்கள். விசாரணையில் சங்கப் பிரதிநிதி உடனிருப்பது தொழிலாளியின் உரிமை என்று இணையத்தில் படித்தேனே, அது இங்கே செல்லாதா?

பதில்: நீங்கள் படித்தது அமெரிக்கச் சட்டமாக இருக்கக்கூடும். அங்கே 1975இல் வைன்கார்ட்டன் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, தண்டனையில் போய் முடியலாம் என்று தொழிலாளி நியாயமாக அஞ்சும் எந்த விசாரிப்பிலும் சங்கப் பிரதிநிதியைக் கேட்டுப் பெறலாம். இந்தியாவில் அப்படியொரு பொதுவான உரிமை கிடையாது. 1960இல் காளிந்தி எதிர் டாடா லோகோமோட்டிவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: உள்விசாரணையில் சங்கப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளும் உரிமை இயற்கை நீதியிலிருந்து, அதாவது யாரையும் நியாயமாகக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற பொது நெறியிலிருந்து, தானாக வருவதில்லை. 1992இல் கிரசென்ட் டைஸ் வழக்கிலும் அதே நிலைதான். உங்கள் நிறுவனத்தின் நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கை முறையையும் சொல்லும் விதிகள்) எந்த அளவுக்கு இடம் தருகின்றனவோ, அந்த அளவுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே இன்றைக்கே நீங்கள் தேட வேண்டியது நிலையாணைப் புத்தகம், அதாவது ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ். அதில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பிரிவை எடுத்து, விசாரணையில் யார் உடன் வரலாம் என்று எழுதியிருக்கும் வரியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணைகளில் 14(4)(பிஏ) என்ற உட்பிரிவு, தொழிலாளி நேரில் வரலாம் அல்லது தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் நிர்வாகி ஒருவரைத் தன் சார்பில் நிறுத்தலாம் என்கிறது. அதில் 'அங்கீகரிக்கப்பட்ட சங்கம்' என்ற சொல்லே இல்லை. உங்கள் நிலையாணையிலும் வாசகம் இப்படியே இருந்தால், நிர்வாகம் சொல்லும் அங்கீகாரக் காரணம் நிற்காது. சங்கம் இருப்பதும், நீங்கள் அதில் உறுப்பினர் என்பதும், வருபவர் அதன் நிர்வாகி என்பதும் போதும்.

ஆனால் பல நிறுவனங்கள் தாமே வகுத்து, சான்றளிக்கும் அரசு அதிகாரியின் ஒப்புதல் பெற்ற நிலையாணைகளில் 'அதே நிறுவனத்தில் பணிபுரியும் சக தொழிலாளி' என்றுதான் இருக்கும். அப்படியானால் வெளியிலிருந்து வரும் சங்கத் தலைவரைக் கேட்டுப் போராடிப் பயனில்லை. 1998இல் பாரத் பெட்ரோலியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. உங்கள் செயலாளர் அதே ஆலையில் வேலை செய்பவர் என்றால், சங்கச் செயலாளர் என்ற அடையாளத்தை ஒதுக்கிவிட்டு, சக தொழிலாளி என்றே அவர் பெயரைக் கொடுங்கள். மறுப்பதற்கு நிர்வாகத்துக்குக் காரணம் இருக்காது.

புத்தகம் தர மறுத்தால், சான்றளித்த அதிகாரியிடம் கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால் குழம்ப வேண்டாம். புதிய சட்டத்துக்கு முரணாகாத அளவுக்குப் பழைய நிலையாணைகள் தொடர்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தச் சட்டத்தொகுப்பின் நிலையாணை அத்தியாயம் 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத்தான். உங்கள் ஆலை அதைவிடச் சிறியதென்றால், பணி நியமன ஆணையையும் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளின்கீழ் சங்கமும் நிர்வாகமும் போட்ட ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். விசாரணையில் உதவியாளர் பற்றிய வரி சில சமயம் கூலி உயர்வு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில்கூட இருக்கும்.

அடுத்தது, எழுத்தில் கேட்பது. வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்ட அனுமதியை நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. கடிதம் இவ்வளவு போதும்: "… தேதியிட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணை தொடர்பான விசாரணையில், நிலையாணை எண் …இன்படி என் சார்பில் செயல்பட, நான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் செயலாளர் திரு. … அவர்களை நியமிக்கிறேன். அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் தரவும், இக்கடிதத்தை விசாரணைப் பதிவுகளில் சேர்க்கவும் கோருகிறேன்." இதோடு உறுப்பினர் சந்தா ரசீது நகலையும், செயலாளரின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். ஒரு பிரதியை நிர்வாகத்துக்கும் ஒன்றை விசாரணை அதிகாரிக்கும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

வழக்கறிஞரை அழைத்துவரலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். பொதுவாக முடியாது. ஆனால் நிர்வாகத் தரப்பில் வழக்கை நடத்துபவர் சட்டம் படித்தவராக இருந்து, எதிரே தொழிலாளிக்கு அந்த வசதி மறுக்கப்பட்டால், அது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1982இல் பம்பாய் துறைமுகப் பொறுப்புக் கழகம் எதிர் நட்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே முதல் நாளிலேயே, "நிர்வாகப் பிரதிநிதியின் கல்வித் தகுதியும் பதவியும் என்ன?" என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். விசாரணை அதிகாரி வழக்கறிஞராக இருப்பது வேறு விஷயம்; அது ஒன்றையே வைத்து ஆட்சேபிக்க இயலாது. எதிர்த்தரப்பில் நின்று சாட்சிகளை நடத்துபவர் யார் என்பதுதான் கேள்வி.

எச்.ஆர். அறையில் நடந்ததைப் பற்றி: அது முறையான விசாரணைக்கு முந்தைய, உண்மையறியும் கட்டம். அந்தக் கட்டத்தில் உடன் ஒருவரை வைத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான நிலையாணைகளில் இல்லை. ஆனால் வேலைகள் பறிபோவது பெரும்பாலும் அந்த அறையில்தான். "எழுதிக் கொடு, முடித்துவிடலாம்" என்பதை நம்பி எழுதப்படும் மன்னிப்புக் கடிதம், விசாரணையில் நிர்வாகத் தரப்பின் முதல் ஆவணமாகக் குறியிடப்படும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு எவ்வளவு திறமையான பிரதிநிதி வந்தாலும் செய்ய அதிகம் இருக்காது. நீங்கள் எழுதாதது மிகச் சரி. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறோம்: கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள், அதையே கீழ்ப்படியாமை என்று இன்னொரு குற்றச்சாட்டாக்குவார்கள். போய், "கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், அவகாசம் கொடுங்கள், எழுத்திலேயே பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். மிரட்டி எழுதி வாங்கியிருந்தால், யார் முன்னிலையில், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி வாங்கினார்கள் என்ற விவரத்தோடு அன்றைக்கே மறுப்புக் கடிதம் அனுப்புங்கள். பத்து நாள் கழித்து அனுப்பும் மறுப்பை யாரும் நம்புவதில்லை.

இனி விசாரணை நாள். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பலன். சம்பவத்தை நேரில் பார்த்தவர் என்றால் அவரைப் பிரதிநிதியாக வைக்காதீர்கள், சாட்சியாக வையுங்கள். இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். உங்களுக்குத் தெரிந்த நடப்பு பற்றிய கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவர் சொல்ல முடியாது.

உங்கள் சார்ஜ் மெமோவையே எடுத்துக்கொள்வோம். 'தகாத வார்த்தை பேசினார்' என்று மட்டும் இருந்தால் அது முடிவு, சம்பவம் அல்ல. என்ன வார்த்தை, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கேட்டார்கள் என்பது குறிப்பாணையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், விளக்கம் தரும்போதே அந்த விவரங்களைக் கேளுங்கள். இயந்திரத்தை நிறுத்தியதில் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. அன்றைய ஷிப்டின் பிரேக்டவுன் பதிவேடு, பராமரிப்புப் பிரிவின் பதிவு, கன்ட்ரோல் பேனலில் பதிவான அலாரம் பட்டியல், சிசிடிவி பதிவு ஆகியவற்றைத் தேதியும் ஷிப்டும் குறிப்பிட்டு முன்கூட்டியே கேளுங்கள். சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் கேளுங்கள்.

முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் நிர்வாகத் தரப்புச் சாட்சிகள். உட்கார்ந்ததும் விசாரணை அதிகாரி உங்களையே குறுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினால், பிரதிநிதி அதை ஆட்சேபித்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். 1963இன் சுர் எனாமல் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் பார்க்கும் அளவுகோல் இதுதான்: குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட்டதா, சாட்சிகள் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்கப்பட்டார்களா, குறுக்கு விசாரணைக்கும் தன் சாட்சிகளைக் கொண்டுவரவும் வாய்ப்பு கிடைத்ததா, அறிக்கையில் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவா.

குறுக்கு விசாரணையில் புதியவர்கள் செய்யும் தவறு, 'ஏன்' என்று கேட்பது. "ஏன் பொய் சொல்கிறீர்கள்?" என்றால் சாட்சி பத்து வரி பேசிவிடுவார், அத்தனையும் உங்களுக்கு எதிராகப் பதிவாகும். 'ஆம்', 'இல்லை' என்றோ ஓரிரு சொல்லிலோ பதில் முடியும் சிறு கேள்விகளாகக் கேளுங்கள். "இயந்திரம் நின்றபோது நீங்கள் எந்த லைனில் இருந்தீர்கள்?", "பேனலில் இருந்த அலாரத்தைப் பார்த்தீர்களா?", "பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டது யார்?", "இந்தப் புகாரை எந்தத் தேதியில் எழுதினீர்கள்?" என்று போனால் போதும். சம்பவத்துக்கும் புகாருக்கும் இடையே நான்கு நாள் இருந்தால், அந்தத் தேதியைப் பதிவில் ஏற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். விளக்கம் கேட்டு அவருக்கு வழி காட்டாதீர்கள்.

நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எழுதக் கேளுங்கள். மத்திய மாதிரி நிலையாணை, இந்தி, ஆங்கிலம், மாநில மொழி ஆகியவற்றில் தொழிலாளி விரும்பும் மொழியில் பதிவு செய்யச் சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். கேட்ட கேள்வி விடுபட்டிருந்தால் கையெழுத்திட மறுக்காமல், கையெழுத்துக்கு மேலேயே, "சாட்சியிடம் கேட்ட இந்தக் கேள்வி பதிவு செய்யப்படவில்லை" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றன்றைக்கு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரதிநிதியை அனுமதிக்க மறுத்தால் எழுந்து வெளியே போய்விடாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் நீங்கள் வெளியேறினால் ஒருதலைப்பட்சமாக நடத்தி முடித்துவிடுவார்கள், குறுக்கு விசாரணை வாய்ப்பும் போய்விடும். "நிலையாணைப்படியான பிரதிநிதி மறுக்கப்பட்டதை ஆட்சேபித்து, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் கலந்துகொள்கிறேன்" என்று பதிவு செய்துவிட்டு உட்காருங்கள். பிரதிநிதிக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவச் சான்றோடு ஒத்திவைப்புக் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் விசாரணையை இழுத்தடிக்கிறீர்கள் என்ற பழி வரும், அது சஸ்பெண்ட் காலத்தில் கிடைக்கும் பிழைப்பூதியத்தையும் பாதிக்கும்.

பிழைப்பூதியம் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியம். தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால் அதன் பிறகு 75 சதவீதம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் 180 நாட்களுக்கு மேல் முழு ஊதியம் தரச் சொல்கிறது. சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விசாரணையைச் சாதாரணமாக முடிக்க வேண்டும் என்றும் புதிய சட்டத்தொகுப்பு சொல்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிரதிநிதியை மறுத்தது தவறு என்று பின்னால் தீர்ப்பானாலும் அதனால் மட்டும் வேலை திரும்பக் கிடைத்துவிடாது. விசாரணை செல்லாது என்று ஆனால், குற்றச்சாட்டை நீதிமன்றத்தின் முன்பே புதிதாகச் சாட்சியம் வைத்து நிரூபிக்க நிர்வாகம் அனுமதி கேட்கலாம். அதனால்தான் ஆட்சேபணையோடு நிறுத்திக்கொள்ளாமல், சாட்சியத்தையும் விடாமல் உடைக்கச் சொல்கிறோம்.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தண்டனை முடிவெடுக்கும் முன் அதைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 1993இன் கருணாகர் வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். அதற்கான பதிலில், எந்தச் சாட்சி எந்தப் பக்கத்தில் எதை ஒப்புக்கொண்டார் என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். உங்கள் பணிக்கால நற்பதிவுகளையும் அங்கேயே சொல்லுங்கள், தண்டனையின் அளவைக் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. டிஸ்மிஸ் ஆணை வந்தால் தாமதிக்காமல் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். 45 நாட்கள் கடந்தும் தீராவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். டிஸ்மிஸ் ஆன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டுகளாக இருந்தது. அந்த ஞாபகத்தில் நாள் தள்ளிவிடாதீர்கள்.