பழைய நீரியல் மாதிரியை மோட்ஃப்ளோவுடன் இணைப்பது எப்படி?

கேள்வி: மழைநீர் வழிந்தோடலையும் மண்ணுக்குள் இறங்கும் நீரையும் கணக்கிடும் மாதிரி ஒன்றை எங்கள் துறையில் ஃபோர்ட்ரானில் எழுதி வைத்திருக்கிறோம். அதை மோட்ஃப்ளோ நிலத்தடி நீர் மாதிரியுடன் இணைத்து, பிறரும் இயக்கும்படி பொதுத் தளத்தில் வைக்க விரும்புகிறோம். முழுவதையும் பைத்தானில் திரும்ப எழுத வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பழைய நிரல்கள் பெரும்பாலும் தரவைப் படிப்பது முதல் முடிவை எழுதுவது வரை நிற்காமல் ஓடுபவை. நடுவில் நிறுத்தி ஒரு மதிப்பைக் கேட்கவோ மாற்றவோ அவற்றில் வழியிராது. உங்கள் நிரலைத் தொடங்குதல், ஒரு காலப்படி முன்னேறுதல், முடித்தல் எனத் தனித்தனிச் செயற்கூறுகளாகப் பிரித்து, மதிப்புகளைப் பெறவும் இடவும் வழி செய்தால் போதும். புவிப்பரப்பு மாதிரிகளுக்கான அமெரிக்காவின் சிஎஸ்டிஎம்எஸ் அமைப்பு வகுத்த பிஎம்ஐ என்னும் இடைமுகம் கேட்பது இதைத்தான். ஃபோர்ட்ரானுக்கும் அதன் வரையறை உண்டு. மோட்ஃப்ளோ 6 இதே இடைமுகத்தை ஆதரிப்பதால் மறுபக்கத்து வேலை மிச்சம். ஐரோப்பாவில் உருவாகி, புவியிடத் தரவுத் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பால் 2014-இல் தரமாக ஏற்கப்பட்ட ஓப்பன்எம்ஐ என்னும் இடைமுகமும் இருக்கிறது. சிறிய குழுவுக்கு அது சுமை என்பது என் கருத்து.

இடைமுகம் பொருந்தியதும் எண்கள் தடையின்றி ஓடத் தொடங்கும். கவனம் தேவைப்படுவது அப்போதுதான். உங்கள் மாதிரி நாளொன்றுக்கு மில்லிமீட்டரில் தரும் மீளூட்டத்தை (நிலத்தடி நீரில் போய்ச் சேரும் நீரை), மீட்டரில் அமைக்கப்பட்ட மோட்ஃப்ளோ அப்படியே வாங்கிக்கொண்டால் நீர் ஆயிரம் மடங்காகும்; எந்த எச்சரிக்கையும் வராது. நாள்வாரி மதிப்புகளை மாதவாரிக் காலப்பகுதிக்குச் சராசரியாக்குவதையும், துணைப்படுகை மதிப்புகளை மோட்ஃப்ளோவின் கட்டங்களுக்குப் பரப்பளவுப்படி பகிர்வதையும் இணைப்பு நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள். ஆவியாதலை இரு மாதிரிகளும் கணக்கிட்டால் ஒரே நீர் இருமுறை கழிக்கப்படும். எது எங்கே கணக்கிடப்படுகிறது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் மாதிரி அனுப்பிய நீரின் கன அளவும் மோட்ஃப்ளோவின் நீர்ச்சமநிலை அறிக்கையில் பதிவான மீளூட்டமும் ஒவ்வொரு காலப்படியிலும் ஒத்துப்போகின்றனவா என்ற சோதனையை நிரலிலேயே சேர்த்துவிட்டால், இப்பிழைகளில் பெரும்பாலானவை முதல் ஓட்டத்திலேயே அகப்பட்டுவிடும். இருமுறை கழித்தல் மட்டும் இதற்குத் தப்பிவிடும்.

வெளியிடும்போது கம்பைலரும் நூலகங்களும் அடங்கிய டாக்கர் கொள்கலம், எதிர்பார்க்கும் விடையுடன் ஒரு சிறு எடுத்துக்காட்டுத் தரவு, அலகு குறிக்கப்பட்ட நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக்கான வடிவம்) கோப்புகள் ஆகியவற்றைச் சேருங்கள். உரிமம் எழுதாத நிரலைப் பிறர் சட்டப்படி மறுபயன்பாடு செய்ய இயலாது. உங்கள் நிரலுக்குள் வேறொருவர் எழுதிய துணைநிரல்கள் இருந்தால் அவர்களின் இசைவையும் முன்னதாகவே பெற வேண்டும்.